கொய்யாவுக்குக் கைமாறிய முறை

மார்க்கையன்கோட்டை,
20.2.2003

மதுரையில் பல்கலைக்கழக அலுவலகத்தில் பணிபுரியும் அன்பு மாப்பிள்ளை கருத்தக்கண்ணனுக்கு, மைத்துனன் செல்லப்பாண்டி எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீட்டாரும் கிணற்று மோட்டாரும் நலம். அங்கே தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். நலம் விசாரித்தாயிற்று, இனி காரியம். உங்கள் அலுவலகத்துக்கு ஓர் ஆராய்ச்சி அறிக்கை வரும். அதில் என் வகுப்பைப் பற்றிய பக்கத்தை மட்டும் எப்படியாவது நிறுத்திவிடுங்கள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடம் சமமாகக் கிடைக்கிறதா என்று ஆராய, தீபாவளி முடிந்ததும் உங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து ஷர்மின் என்றொரு பெண் வந்தார், கம்பத்துப் பிள்ளைதான். மூன்று நாள் என் ஐந்தாம் வகுப்பின் கடைசியில் உட்கார்ந்து, நான் எந்தப் பிள்ளையிடம் கேள்வி கேட்டாலும் அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார். அறுபத்தொரு கேள்வியில் ஐம்பத்து நான்கு முன்வரிசை ஆரிபுக்கும் மாரிசெல்வத்துக்கும். கடைசி வரிசை விஜிக்கு ஒன்றுகூட இல்லை. "பின்னாடி இருக்கவுகளுக்கு எதுவுமே வந்து சேரலையே சார்" என்றார். வாய்க்காலின் தலைமடைக்காரர்கள் தண்ணீரை மறித்துக்கொள்கிறார்கள் என்று பதினைந்து வருடமாக மனு எழுதும், கடைசியில் நிலம் வைத்திருக்கும் கடைமடைக்காரன் நான், என்னிடமே இந்தப் பேச்சு. வெட்கமாகத்தான் இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் விஜியின் அம்மா ஜக்கம்மா வந்து, "அஞ்சு வருசமா இவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியல, பரீட்சை முடிஞ்சதும் மலையில ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்புல கூட்டிட்டுப் போயிர்றேன் சார்" என்று சொல்லிப் போயிருந்தாள்.

சரியென்று, வயலுக்குத் தண்ணீர் விடுகிற மாதிரியே கேள்விக்கும் வாசிப்புக்கும் முறை வைத்தேன். கடைசி வரிசையில் தொடங்கி முன்னால் வர வேண்டும், ஆளுக்கு ஒரு கேள்வி, ஒரு பத்தி. ஒரு வாரம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு பிள்ளைகள், தண்ணீர் முறையை அப்பன்மார் விலைக்கு விட்டுக்கொடுப்பதுபோலவே செய்தார்கள், முறையைக் கைமாற்றிவிட்டார்கள். ஆரிபை எழுப்பினால், "விஜிக்கு விட்டுக்குடுத்துட்டேன் சார்" என்கிறான். மாரிசெல்வமும் அப்படியே. ஜக்கம்மா மலையிலிருந்து கொண்டுவரும் கொய்யாவைக் கொடுத்து ஏறக்குறைய வகுப்பு மொத்தத்தின் முறையையும் விஜி வாங்கி வைத்திருக்கிறாள். தடுத்துப் பார்த்தேன். "கொய்யாவத் தின்னுட்டோம் சார், இனி மாத்துனா நியாயமில்ல" என்று அத்தனை பேரும் எதிர்த்து நின்றார்கள். மாரிசெல்வத்தின் அப்பா பேச்சிமுத்து மண்வெட்டியோடு பள்ளி வாசலுக்கு வந்து, "எம் மகன் முறைய அடைச்சது யாரு?" என்று கேட்கிறார். அன்று பார்த்து ஷர்மின் மறுபடியும் வந்து கோடு போட்டார். ஐம்பது கேள்வியில் நாற்பத்தாறு விஜிக்கு. அவர் பேனாவை உதறிக்கொண்டார்.

இது அச்சில் வந்தால் இனி என் வாய்க்கால் மனுவை யார் மதிப்பார்கள்? சனிக்கிழமை குச்சனூர் கோயிலில் எள்விளக்கு போடுகிறேன், உங்கள் பெயருக்கும் ஒன்று உண்டு. தங்கச்சிக்கு என் அன்பும் பிள்ளைகளுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
செல்லப்பாண்டி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டாமல் மேசையில் வைத்திருந்தேன். நோட்டு வைக்க வந்த விஜி, தன் பெயரைக் கண்டு நின்ற இடத்திலேயே சத்தமாக வாசித்துவிட்டாள். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள், ஆனால் ஒரு வரி விடவில்லை. பள்ளி விட்டு அவளை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த ஜக்கம்மா வாசலில் நின்று முழுக்கக் கேட்டாள். ஜீப் பேச்சை எடுக்கவில்லை. "கொய்யா எங்க போகுதுன்னு இப்பத்தான் தெரியுது. நாளைக்கு ரெண்டு பையாக் கொண்டாரேன் சார்" என்றாள். மாப்பிள்ளை, அந்தப் பக்கத்தை நிறுத்த வேண்டாம்.