அருள் பெட்டிக்குள் நாலு லட்சம் பேர்

போன வாரம் வரை அந்த நாற்காலிக் கடையின் வலைத்தளத்தை எட்டிப் பார்த்தவர்கள் நாளுக்கு முப்பது பேர். அதில் பாதி கடைக்காரர்தான். தன் கடை இன்னும் இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்வார். தளங்களுக்குக் கூட்டம் வரவழைத்துத் தருவதாகச் சொல்லும் வருகைச் சித்தர் காலடி வைத்தார் பாருங்கள், ஒரே நாளில் நாலு லட்சம்! தெருவே திரண்டு வந்துவிட்டது. கடைச் சுவரில் மாட்டிய திரையில் எண் ஏற ஏற, பல் டாக்டர் கைகூப்பினார். சவப்பெட்டி செய்பவர் தனக்கும் நாலு லட்சம் பேர் வேண்டும் என்று வரிசையில் நின்றார். அத்தனை பேரும் வந்தால் ஊர் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை. அந்த வரிசையில் அப்படி ஒரு வழக்கம் இல்லை.

சித்தரின் முறை எளிது. தளத்தை ஓட்டும் கம்ப்யூட்டரான சர்வர் இருக்கும் உள்ளறையில் சிவப்பு வெல்வெட் போர்த்திய ஒரு பெட்டியை வைப்பார். பெயர் அருள் பெட்டி. அதிலிருந்து ஒரு வயர் சுவர் பிளக்குக்கும் இன்னொரு வயர் கடையின் இன்டர்நெட்டுக்கும் போகும். அருளுக்கு எதற்குக் கரண்ட் என்று கூட்டத்தில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

கேட்டது ஒருத்திதான், கடைக்காரரின் தங்கை. அந்த சர்வரைப் பதினொரு வருஷமாகக் கட்டிக் காப்பவள். நாலு லட்சம் பேர் வந்தும் ஒரு ஸ்டூல்கூட விற்கவில்லை. அது போகட்டும், ஒரு பள்ளிக்கூடத்துக்கு இருநூறு நாற்காலி வேண்டுமாம். ஆர்டரைத் தளத்தில்தான் போட வேண்டும் என்பது அவர்கள் விதி. தளமோ மூன்று நாளாகத் திறக்கவே இல்லை. "இன்னைக்கு நாலு மணிக்குள்ள முடியலன்னா வேற கடை பாத்துக்கிறோம்" என்று தலைமையாசிரியை போனில் சொல்லிவிட்டார். அந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் பட்டறையில் ஆறு தச்சர்களுக்கும் வேலை கிடையாது.

"அண்ணே, சர்வர் மூச்சு முட்டிக் கெடக்கு. வர்றது மனுஷங்க இல்ல, தளத்த மேயற ப்ரோகிராம். கிராலர்னு பேரு. ஒரே மிஷின் லட்சம் தடவ வந்து மேஞ்சுட்டுப் போகும்."

"உனக்குப் பொறாமை" என்றார் அண்ணன்.

சித்தர் கண்ணை மூடினார். "இந்தப் பொண்ணோட சந்தேக மூச்சு படுது. அதான் சர்வர் திணறுது. சாயங்காலத்துக்குள்ள பாஸ்வேர்டு எங்கிட்ட வரணும். பொண்ணு வெளிய போகணும்."

அண்ணன் தலையாட்டினார். பதினொரு வருஷ உழைப்பு ஒரு தலையாட்டலில் போயிற்று.

"போறேன் சாமி. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வர்ற எல்லாரும் மனுஷங்கதானே?"

"கண்ணும் கருத்தும் உள்ள பக்தர்கள்."

"கண்ணு இருக்குல்ல, அது போதும்."

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். முகப்புப் பக்கத்தில், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஓர் இணைப்பை வைத்தாள். மனிதக் கண்ணுக்குத் தெரியாது, நிறம் பார்க்காத கிராலருக்குத் தெரியும். அதைத் தொட்டால் திறக்கும் பக்கத்தில் ஒரே வரி: 'இங்கே வந்தவர் மனிதர் அல்லர்.' கிராலர்கள் படிக்கவென்றே தளத்தின் வாசலில் ஓர் அறிவிப்புக் கோப்பு உண்டு. அதில் 'இந்தப் பக்கத்துக்கு வராதே' என்றும் எழுதினாள். தேடுபொறிகள் அனுப்பும் நல்ல கிராலர் அதைப் படித்துவிட்டு ஒதுங்கிப் போகும். மானங்கெட்டதுதான் மீறி நுழையும்.

பிறகு கூட்டத்தைக் கூப்பிட்டு, முகப்புப் பக்கத்தைத் திரையில் காட்டி, இணைப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னாள். பல் டாக்டர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். சவப்பெட்டிக்காரர் திரையைத் தடவியே பார்த்துவிட்டார். ஒருவருக்கும் அகப்படவில்லை.

பத்து நிமிஷம் ஆனது. அந்தப் பக்கத்துக்குள் போனவர்கள் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

"கண்ணுக்கே தெரியாத எழுத்த எப்படிப் படிச்சாங்க சாமி?"

"ஞானக்கண்ணால."

கூட்டம் புல்லரித்துப் போனது. அட பாவிகளா, அதையும் நம்பினார்கள்.

தங்கை சர்வரின் வருகைப் பதிவைத் திரையில் ஏற்றினாள். யார் வந்தாலும் எங்கிருந்து வந்தார் என்ற முகவரி எண் அதில் விழும். ஐந்நூற்றுப் பன்னிரண்டு வரியிலும் ஒரே எண்.

"இது நம்ம கடைக்குள்ள இருக்கற வயரோட எண்ணு. நாலு லட்சம் பேரும் உள்ரூம்லதான் இருக்காங்கண்ணே. வாங்க, ஒரு வார்த்த விசாரிச்சுட்டு வருவோம்."

உள்ளறையில் பெட்டி மட்டும் இருந்தது. அவள் பிளக்கைப் பிடுங்கினாள். "என் பக்தர்கள்!" என்று சித்தர் பாய்ந்தார். வெளியே திரையில் எண் அப்படியே நின்றது. வெல்வெட்டை விலக்கினால், பேட்டரி செத்த ஒரு பழைய லேப்டாப்.

கொஞ்ச நேரம் கழித்து எண் ஒன்றே ஒன்று ஏறியது. தலைமையாசிரியை. இருநூறு நாற்காலி. மணி மூன்று ஐம்பது.

அண்ணனுக்குத் தங்கையின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. "பாஸ்வேர்ட மாத்திடும்மா" என்றார், தரையைப் பார்த்து.

"அவரு வந்த அன்னைக்கே மாத்திட்டேண்ணே."

சித்தர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினார். துரத்திக்கொண்டு ஓடினார் பல் டாக்டர். பிடித்து உதைக்கப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். "சாமி, எங்க கிளினிக்லயும் நல்ல பிளக் பாயின்ட் இருக்கு" என்று அவர் கெஞ்சுவது தெருமுனை வரை கேட்டது.

யாரைக் கும்பிடுவதும் உங்கள் இஷ்டம், ஐயா. கும்பிடும் முன் ஒரே ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். நிஜமான கடவுளாக இருந்தால் அதற்கெல்லாம் அணைந்துபோக மாட்டார்.