உறவினர் அல்லாத இருவர்

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அதனால் பொய்யும் குறைவு. சொன்ன பொய்களில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒரே தாளில் இருக்கின்றன. வேலை கேட்டுக் கொடுக்கிற சுயவிபரக் கோவை என்று அதற்குப் பெயர். (கோவை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒன்றரைப் பக்கம்.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பள்ளிமுனையில் கடற்றொழில். மன்னார் பட்டினத்தில் ஒரு கொமினிகேஷன் கடையில் ஜெசிந்தா வேலை செய்தாள். வெள்ளாங்குளத்தில் இருந்து வந்த குடும்பம். கடலால் வந்து குளித்துவிட்டு, தினமும் அங்கே போய் என் அடையாள அட்டையைப் போட்டோக்கொப்பி எடுப்பேன். அவளைப் பார்க்க ஒரு காரணம் வேண்டுமே. (கொப்பி எடுக்க வேறு சாமான் என்னிடம் இல்லை.)

கடலுக்குப் போகிறவனுக்குப் பெண் இல்லை என்று அவளுடைய அப்பா சொல்லித் திரிந்தார். மாதச் சம்பளம் இருந்தால் போய்க் கேட்கலாம். ஒரு நண்டுக் கம்பனியில் களஞ்சியத்துக்கு ஆள் எடுப்பதாக அறிந்தேன். கோவை அடிக்க அவளிடமே போனேன்.

"படிப்பு?"

"எட்டாம் வகுப்பு."

"வேற என்ன தெரியும்?"

"கிழிஞ்ச வலை பொத்துவன்."

'நுணுக்கமான வேலைகளில் நீண்ட அனுபவம்' என்று அடித்தாள்.

"பொழுதுபோக்கு?"

"சும்மா இருக்கிறது."

'வாசிப்பு' என்று அடித்தாள்.

"உறவினர் அல்லாத ரெண்டு பேரைச் சொல்லுங்கோ. உங்களைப் பற்றி விசாரிப்பினம்."

எங்கள் தேவாலயத்துப் பங்குச் சுவாமியைச் சொன்னேன். அதற்கு மேல் ஆள் இல்லை. பள்ளிமுனையில் யாரைத் தொட்டாலும் மாமா, மச்சான், ஞானத்தகப்பன்.

"வேற ஒருத்தரும் இல்லையோ?"

"நீங்கள் இருக்கிறியள்."

திரைப் பக்கம் திரும்பினாள். பிறகு தன் பெயரை அடித்தாள். உறவுமுறை: இல்லை. அந்தத் தாளில் உண்மையான வரி அதுதான். எனக்குப் பிடிக்காத வரியும் அதுதான்.

நேர்முகத்தில் முகாமையாளர் சுவாமிக்குப் போன் எடுத்தார். பூசை நேரம், பதில் இல்லை. அடுத்தது ஜெசிந்தா. ஸ்பீக்கரில் போட்டார்.

"இவரை எவ்வளவு காலமாத் தெரியும்?"

"ஒரு வருசமா, சேர். நல்ல பெடியன். ஒவ்வொரு நாளும் கடைக்கு வருவார்."

நான் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன்.

"என்னத்துக்கு?"

"அடையாள அட்டை கொப்பி எடுக்க. நேற்றும் எடுத்தவர். எங்கையோ வச்சிட்டு மறந்திடுறார் போல. கொஞ்சம் மறதி, சேர். மற்றும்படி நல்லவர்."

முகாமையாளர் என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது குளிரறையைப் பூட்டித் திறப்பு வச்சிருக்கிற வேலை. உமக்கு அவ்வளவு மறதியோ?"

இல்லை என்று சொன்னால், பிறகு ஏன் தினமும் கொப்பி எடுத்தீர் என்று கேட்பார். போன் இன்னும் திறந்தே இருந்தது. மறுபக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது.

"ஓம் சேர்," என்றேன்.

வேலை வேறு ஒருவனுக்குப் போனது. அடுத்த வருடம் அவள் கலியாணம் கட்டி பிரான்சுக்குப் போனாள். ஏன் கொப்பி எடுத்தேன் என்று அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? நான் கேட்கவில்லை.

இப்போதும் கடல்தான். மனைவி, இரண்டு பிள்ளைகள். அடையாள அட்டையும் புதிது. பழைய கொப்பிகள் அலுமாரியில் ஒரு கட்டு இருக்கின்றன. எதற்கும் செல்லாது. எறியவில்லை.

நேர்முகத்தில் நடந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கொப்பி எடுத்த காரணம் தெரியாது. சைக்கிள் திறப்பைக் காணவில்லை என்றால் மகள் சொல்லுவாள், "அப்பாட்டக் கேக்காதேங்கோ. கம்பனியே வேண்டாமெண்ட மறதிக்காரன்." மனைவி வயிற்றைப் பிடித்துச் சிரிப்பாள்.

நான் ஓம் என்பேன்.