முப்பத்திரண்டு டிகிரி

தொட்டியில் முப்பத்திரண்டு டிகிரி இருக்க வேண்டும். மீட்டர் இருபத்தொன்பது என்றது.

நிரஞ்சனி மீட்டரைத் தட்டிப் பார்த்தாள். நேற்று மாலை கைப்பேசிக்குச் சார்ஜ் போட ஏதோ ஒரு பிளக்கைப் பிடுங்கினாளே, அது ஹீட்டருடையதா?

மலேசியாவில் கிள்ளான் பக்கம் ஒரு கல்லூரியின் மீன் ஆராய்ச்சிக் கூடம் அது. தொட்டியில் இருந்தவை சியாக்காப் என்கிற கொடுவா மீன் குஞ்சுகள். மதியம் அவற்றிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். அவளுடைய முனைவர் பட்டமே அந்தச் சின்னக் கண்ணாடித் தொட்டிக்குள்தான் நீந்திக்கொண்டிருந்தது.

மேற்பார்வையாளர் டாக்டர் ஜெயந்திரன் காலையில் பங்சாரில் கூட்டம் என்று சொல்லியிருந்தார். நல்லவேளை. தொட்டி மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போன ஒரு மாணவனை அந்தப் பருவம் முழுவதும் தொட்டி கழுவ வைத்தவர் அவர். "ஆராய்ச்சியில சாரிக்கு இடமில்ல" என்பார்.

நிரஞ்சனி ஹீட்டரை மறுபடி போட்டு, சூட்டைக் கூட்டி வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது மீட்டர் முப்பத்தாறைக் காட்டியது.

"ஐயோ!"

ஹீட்டரை அணைத்துவிட்டு வாளியோடு கேண்டீனுக்கு ஓடினாள்.

"தங்கமணி அக்கா, ஐஸ் குடுங்க. ஒரு வாளி!"

"வாளியா? லேப்ல கல்யாணமா?"

"மீனுக்கு லா அக்கா. சூடு ஏறிப்போச்சு."

"மீனுக்குக் கூடவா காய்ச்சல் வருது?" என்றபடி தங்கமணி ஐஸை அள்ளிப் போட்டார். "அப்படி என்னதான் பாக்குறீங்க அதுங்ககிட்ட?"

"மீனுக்கு நம்மள மாதிரி சொந்தச் சூடு கெடையாது அக்கா. தண்ணி எவ்வளவு சூடோ அதுவும் அவ்வளவு சூடு. நோயை எதிர்க்கிற ஜீன் ஒண்ணு இருக்கு. அது பக்கத்துல ஒரே டி.என்.ஏ. துண்டு திரும்பத் திரும்ப வரும். சில மீனுக்கு நெறைய, சில மீனுக்குக் கொஞ்சம். தண்ணி சூடானா அந்த ஜீன் வேலை கூடுதா கொறையுதா, அந்தத் துண்டு எத்தனை தடவை வருதுங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு பாக்குறோம்."

"சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லுமா? எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். சூடேறினா இன்னும் கூடும்."

சிரிக்க நேரமில்லை. நிரஞ்சனி ஓடிப் போய் ஐஸைக் கொட்டினாள். மீட்டர் மெல்ல இறங்கத் தொடங்கியது. அப்பாடா என்று வாளியைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தால் இருபத்தாறு.

குஞ்சுகள் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. அவளுக்கும் அப்படிப் போய் நிற்கலாம் போலிருந்தது.

இனி வெந்நீர்தான். பின்கட்டுச் சமையல் மேடைக்கு ஓடினாள். யாரோ புண்ணியவான் ஏற்கெனவே கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். முப்பது, முப்பத்தொன்று. போதும். கெட்டிலை வைத்துவிட்டு வந்தாள்.

முப்பத்தைந்து.

நிரஞ்சனி தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தொட்டிக்குப் பேய்தான் பிடித்திருக்கிறது.

அப்போது கதவு திறந்தது. டாக்டர் ஜெயந்திரன்.

"எப்ப வந்தீங்க டாக்டர்?"

"இப்பதான். இப்பதான் வரேன்."

அவர் சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. வெளியே மழை போலிருக்கிறது என்று நினைத்தாள். இனி மறைக்க முடியாது.

"டாக்டர், என்னை மன்னிச்சிருங்க. ஹீட்டர் பிளக்கை நான்தான் பிடுங்கிட்டேன்னு நினைக்கிறேன். சூடு கொறைஞ்சு, கூடி, மறுபடியும் கொறைஞ்சு... எல்லாத்தையும் கெடுத்துட்டேன். தொட்டி கழுவச் சொன்னாலும் கழுவுறேன்."

அவர் மீட்டரைப் பார்த்தார். மீன்களைப் பார்த்தார். அவளைப் பார்க்கவே இல்லை.

"மீன் ஏதாச்சும் செத்துச்சா?"

"இல்ல டாக்டர்."

"அப்புறம் என்னம்மா? இன்னிக்கு மாதிரி எடுக்க வேணாம். சூட்டை மெதுவா முப்பத்திரண்டுக்குக் கொண்டு வந்து, மீன் பழகட்டும். முதல்லேருந்து தொடங்கலாம். எல்லாரும் மனுசங்கதானே, தவறு நடக்கும்."

'அம்மா'வா! அவர் வாயிலிருந்தா! நிரஞ்சனிக்குக் கண் கலங்கிவிட்டது. புது ஹீட்டர் ஒன்றை அவரே மாட்டினார். மதியத்துக்குள் குஞ்சுகள் மூலையை விட்டு வந்து இரை தின்னத் தொடங்கின.

அப்போதுதான் அவளுக்கும் பசித்தது. வெயில் கொளுத்த, ஈரமே இல்லாத முற்றத்தைக் கடந்து கேண்டீனுக்குப் போனாள். ஒரு தட்டுச் சோறு வாங்கிக்கொண்டு தங்கமணியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ஒரு வார்த்தை திட்டல அக்கா. இப்படி ஒரு மனுசர்னு எனக்கு இத்தனை நாளாத் தெரியல."

தங்கமணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"நீ முன்வாசல்ல ஐஸ் வாங்கிட்டுப் போற, அவரும் ஐஸ் கேட்டுப் பின்வாசல்ல வந்து நிக்கறாரு. 'அக்கா, ஹீட்டரை நான்தான் தெரியாம அணைச்சுட்டேன், காலையிலேருந்து மாத்தி மாத்தி ஊத்திட்டு இருக்கேன், நிரஞ்சனிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு ஒரே கெஞ்சல் லா!"