மூவாயிரம் வாட் மாமனும் என் முன் சீட்டும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் நலமென்றே நம்புகிறேன். உன் மாமன் மட்டும் அவ்வளவு நலமாக இல்லை. அந்த நல்ல செய்தியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் அவன் தன் காரில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவதற்கு ஓர் ஆம்ப்ளிஃபையர் பொருத்தினான். அதன் மேல் தங்க எழுத்தில் மூவாயிரம் வாட் என்று போட்டிருந்தது. அன்றிலிருந்து உன் அம்மா எங்கே போவதென்றாலும் தம்பி கார்தான். என் காரின் முன் சீட்டில் காய்கறிப் பை உட்கார்ந்து வந்தது. இத்தனை வருடமாக அந்தச் சீட்டிலிருந்து அம்மா, "பாத்து, பிரேக்கப் போடுங்க" என்று சொல்லிக்கொண்டே வருவாள். பை ஒன்றும் சொல்லாது. எனக்கு வண்டி ஓட்டவே பிடிக்காமல் போய்விட்டதம்மா.

சரி, நானும் ஒன்று வாங்கிவிடுவது என்று கிளம்பினேன். சர்க்கார் உத்தியோகத்தில் கடைகடையாகத் தராசு சோதித்தே தலை நரைத்தவன் நான், எடைக்கல்லைத் திருப்பி அடிப்பக்க முத்திரையைப் பார்க்காமல் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை, அட்டைப்பெட்டியில் அச்சடித்ததையா நம்புவேன்? கடைக்காரர் ஐயாயிரம் வாட் என்று நீல விளக்கெல்லாம் எரிகிற ஒன்றை எடுத்து வைத்தார். இந்த வாட் ஒரு நொடிக்கா, நான் வீடு போய்ச் சேரும் வரைக்குமா என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றார். நான் கண்ணைத் திறந்துகொண்டு அதைத் திருப்பிப் பார்த்தேன். ஃபியூஸ் முப்பது ஆம்பியர். கார் பேட்டரி கொடுப்பது பன்னிரண்டு சொச்சம் வோல்ட். பெருக்கினால் நானூற்றைச் சுற்றித்தான் வருகிறது. "உள்ள போறது நானூறு, வெளிய வர்றது ஐயாயிரமா? நடுவுல கிணறு ஏதாவது வெட்டியிருக்கீங்களா?" என்றேன். மனுஷன் கீழ்த்தட்டிலிருந்து விளக்கும் மினுக்கும் இல்லாத ஒன்றை எடுத்தார். நாலு ஸ்பீக்கருக்கும் தலா ஐம்பது வாட், அதுவும் நிறுத்தாமல் தொடர்ந்து கொடுப்பது என்று போட்டிருந்தது. ஃபியூஸோடு ஒப்பிட்டேன். கணக்கு உதைக்கவில்லை. வாங்கிவிட்டேன்.

மாமன் விழுந்து விழுந்து சிரித்தான். "என்ன அத்தான், எங்க வீட்டு இஸ்திரிப் பெட்டிகூட இதைவிட ஜாஸ்தியாச்சே?" என்றான். விடுவேனா? அடுக்குமாடி கார் நிறுத்துமிடத்தில் இரண்டு காரையும் எதிரெதிரே நிறுத்தி, ஒரே பாட்டைப் போட்டோம். அம்மாதான் நடுவர். ஜெயிக்கிற காரில்தான் ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருவாள் என்று பேச்சு. மாமன் குமிழை முழுக்கத் திருகினான். பொய் சொல்லக்கூடாது, பல்லவி பிரமாதம். சரணத்தில் பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, அப்புறம் ரப்பர் கருகுகிற நாற்றம், அப்புறம் ஒன்றுமே இல்லை. என்னுடையது கடைசி வரி வரை கணீரென்று பாடியது. காவலாளி கைதட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூட்டை மூட்டையாகக் கள்ள எடைக்கல் பிடித்த நாளில்கூட நெஞ்சு இப்படி நிமிர்ந்ததில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை தெருமுனையிலேயே எங்களைக் கேட்பாய். மாமன் தன் ஊமைக் காரில் பின்னால் வருவான். எல்லா நலமும் எடை குறையாமல் உங்கள் இருவருக்கும் கிடைக்கட்டும்.

ஆசிகளுடன்,
அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அம்மா வந்தாள். தம்பி காரிலேயே வருகிறாளாம். "ஒரு மாசமா அவன்கிட்ட ஒரு வார்த்தை பேச முடியல. இப்பதான் அந்த வண்டி வாய மூடியிருக்கு. அதுக்குள்ள உங்க வண்டி ஆரம்பிச்சிடுச்சு" என்றாள். கீழே போய் என் ஆம்ப்ளிஃபையரின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். முன் சீட்டுக்குச் சம்மதித்துவிட்டாள். மாமனிடம் மூச்சு விடாதே. வழியெல்லாம் பிரேக் போடச் சொல்லிக்கொண்டு வருவாள். அது எத்தனை வாட் என்று நான் சோதிக்கப் போவதில்லை.