மூளை கடைசி ஸ்டாப்பில்தான் இறங்கும்

பதிமூன்று வயதுப் பிள்ளைகளை முழுதாகப் புரிந்துகொண்ட மனிதர் குமரி மாவட்டத்திலேயே ஒருவர்தான். அவர் டாக்டரும் இல்லை, வாத்தியாரும் இல்லை. சுசீந்திரம் பக்கத்து ஊர்களிலிருந்து நாகர்கோவில் பள்ளிக்கூடத்துக்கு எங்கள் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் டிரைவர். முழுதாகப் புரிந்துகொண்டவர் என்பது அவரே சொல்லிக்கொண்டது. அவர் விளக்கம் சொல்லச் சொல்ல எங்களுக்குக் குழப்பம்தான் கூடியது.

அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. வானிலை என்றால்தான் தெரியும். காரணம், பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் சாயங்காலம் அவர் அனுப்பும் குரல் செய்தி. எந்த சீட்டில் மேகமூட்டம், யார் முகத்தில் புதிதாகப் பரு, யாருக்குப் பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது என்று ஒன்று விடாமல் அறிவிப்பார். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வழுக்கம்பாறையில் அழுதுகொண்டு ஏறி, ஆசிராமம் வருவதற்குள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். பதறிப்போன அவளுடைய அம்மா குரூப்பில் காரணம் கேட்டார். வானிலையின் பதில் வந்தது: "காரணம் கேக்காதீங்கம்மா. அது அந்தக் காரணத்துக்கே தெரியாது."

அவரிடம் ஒரு தத்துவம் இருந்தது. வளர்ச்சி என்பது அவருடைய வேனைப்போலவே ஸ்டாப் ஸ்டாப்பாக வருவது. முதலில் பாதம் இறங்கும். அப்புறம் முழங்கால், கை, மூக்கு. மூளை கடைசி ஸ்டாப். அதுவரை யாரும் அவசரப்பட்டு ஹாரன் அடிக்கக் கூடாது.

இதற்கு அவர் கைவசம் ஆதாரமும் உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், பள்ளியில் கணக்கில் முதல் ஆள், இரண்டு ஷூவையும் வேனிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் காலைவரை அவனுக்கே தெரியாது. ஷூவைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வானிலை என்னிடம் சொன்னார்: "கணக்கு வந்துட்டு அண்ணாச்சி. காலுதான் இன்னும் அவனுக்க கணக்குல வரல்ல."

கால் முட்டு நீண்ட பயல்களுக்காக மாதா மாதம் உட்காரும் சீட்டை மாற்றினார். சில பயல்கள் சென்ட் அடிக்கத் தொடங்கியபோது, தோவாளைச் சந்தைப் பூ முழுவதையும் ஒரே வண்டியில் ஏற்றியதுபோல இருக்கிறது, தனக்கே தலை சுற்றுகிறது என்று குரூப்பில் புகார் கொடுத்தார். அன்றைக்குப் பத்து வீட்டில் அலமாரி சோதனை நடந்தது.

இப்படிப்பட்டவர் ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அது என் பையன் விஷயம்.

எனக்குக் கோட்டாறில் குழாய், பைப் விற்கிற கடை. வீட்டுக்காரி குவைத்தில் நர்ஸ். பையன் அஜின் அப்போது ஒன்பதாம் வகுப்பு. நாள்தோறும் அம்மா வீடியோவில் கூப்பிட்டால் பத்து நிமிஷம் மூச்சு விடாமல் கதை சொல்லுகிற பயல், ஒருநாள் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டான். கேட்டதற்கெல்லாம் ஓணான்போலத் தலையை மட்டும் ஆட்டினான். ஒரு மாதம் ஆனது, இரண்டு மாதம் ஆனது. என்னிடமும் "ம்", "இல்ல" தவிர எதுவும் இல்லை. அங்கே அவள் அழுதாள். "நான் விட்டுட்டு வந்ததுல பயலுக்குக் கோவம். வேலைய விட்டுட்டு வந்திரட்டுமா?" என்றாள். வீட்டுக் கடன் பாதிதான் அடைந்திருந்தது. நான் என்ன சொல்ல? பைப்பில் அடைப்பு என்றால் எங்கே என்று தட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவேன். இதை எங்கே தட்டுவது?

வானிலையிடம் போய்க் கேட்டேன். ஊர்ப் பிள்ளைகளின் பருவையெல்லாம் எண்ணிச் சொன்ன மனிதர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, டயருக்குக் காற்று அடிக்கணும் என்று சொல்லி நகர்ந்துவிட்டார்.

அந்த வாரத்திலேயே இன்னொரு கூத்து. வேனில் பாட்டுச் சத்தம் தாங்கவில்லை என்று புகார் வந்தது. வயல்காடு வந்ததும் வானிலை ஒலியைக் கடைசிவரைக்கும் திருகிவிடுகிறாராம். இது ஸ்கூல் வேனா, திருவிழா மைக் செட்டா என்று ஒருவர் கேட்டார். இரண்டு வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை நிறுத்தியே விட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சத்தம் குறையவில்லை என்றால் வேறு வேன் பார்ப்பது என்று முடிவானது. பேசிப் பார்க்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நேரில் கேட்டால் டயர் கதை சொல்லுவார். அதனால் வியாழக்கிழமை சாயங்காலம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வேனைப் பின்தொடர்ந்தேன். சொந்த மகன் போகிற வேனைத் திருடன்போலத் துரத்துகிற வயதா எனக்கு? வீடுகள் முடிந்து இரண்டு பக்கமும் வயல் வந்தது. பாட்டு வெடித்தது. என் ஹெல்மெட்டே அதிர்ந்தது. பின் சீட்டில் நான்கு பயல்கள் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். பாடுகிறார்களா, வாந்தி எடுக்கிறார்களா, ஒன்றும் விளங்கவில்லை.

அந்தப் பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் சின்ன இடைவெளி விழுந்தது. வானிலை ஒலியைக் குறைக்கவில்லை; பயல்களும் நிறுத்தவில்லை. ஒருவன் "எஸ் மிஸ்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு "எஸ் மிஸ்"ஸும் ஒவ்வொரு ஆள் சொன்னதுபோல இருந்தது, ஒன்று தவளை, ஒன்று தாத்தா. அவனுக்குப் பக்கத்து ஜன்னலில் என் பையன். தகரத்தை இழுத்ததுபோல ஒரு குரல், பாதியில் கீழே விழுந்து கட்டைக் குரலாக எழுந்தது.

"அம்மா, சாப்பிட்டாச்சா? அம்மா... சாப்பிட்டாச்சா?"

யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. அடுத்த பாட்டு தொடங்கி எல்லாவற்றையும் மூடிவிட்டது. நான் ஸ்கூட்டரை வரப்பு ஓரமாக நிறுத்திவிட்டேன்.

பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு வானிலை வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். மூன்று தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் திரும்பி, இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்தார். பாட்டு முடிந்து வெகு நேரம் ஆகியும் எடுக்க மறந்திருந்தார்.

"பாத்துட்டியளா?" என்றார். களவு பிடிபட்ட முகம்.

"எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"என்னத்தச் சொல்ல அண்ணாச்சி? நாலு பயலுவளுக்கும் தொண்ட உடஞ்சு போச்சு. கிளாஸ்ல வாயத் தொறந்தா சிரிக்கானுவ. வீட்டுல பேசினா நீங்க சிரிப்பிய. உங்க பயலுக்கு அது மட்டும் இல்ல. இந்த உடஞ்ச சத்தத்துல பேசினா அம்மைக்கு அடையாளம் தெரியாதோன்னு பயம். எங்கயாவது பேசிப் பழகண்டாமா? நான் பாட்ட வச்சேன், காத அடச்சேன், அவ்வளவுதான்."

"குரூப்புல போட்டிருந்தா ரெண்டு வீடு போயிருக்காதே."

"அதெல்லாம் குரூப்புல போடுற விஷயமா, அண்ணாச்சி?"

பரு, பேன்ட், அழுகை எல்லாம் குரூப்பில் போடுகிற விஷயம், இது இல்லை. எந்தச் சட்டப்படி என்று எனக்கு இன்றும் தெரியாது. அன்று இரவு குரூப்பில் எழுதினேன்: பேசிவிட்டேன், வண்டியில் ஒரு கோளாறு, வயல்காட்டில் பாட்டுப் போட்டால்தான் எஞ்சின் சூடாகாதாம். குழாய்க்கடைக்காரன் சொன்னதால் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. வேன் தப்பித்தது.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம். டியூட்டிக்குப் போகிற பஸ்ஸிலிருந்து வீட்டுக்காரி கூப்பிட்டாள். வீடியோ இல்லை, சாதாரண அழைப்பு. நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். பயல் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். தொண்டையைச் செருமினான்.

"அம்மா, சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு, ஆச்சு. பயல் எங்க? இன்னைக்காவது அவனுக்கிட்டக் குடுங்க" என்றாள் அவள். பஸ் இரைச்சலில் முதல் வார்த்தை கேட்காமல், கட்டைக் குரலை என் குரல் என்று எண்ணிவிட்டாள்.

பயல் என்னைப் பார்த்தான். நான் ஈரக்கையோடு குழாயை மூடினேன்.

"அம்மா, நான்தான்."

அந்தப் பக்கம் அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குச் சரியாகப் புரியவில்லை. "இன்னொரு மட்டம் சொல்லு மக்கா," என்றாள். அவன் சொன்னான். இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிப் போகிறவரை அவனைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நன்றி சொல்லலாம் என்று வேன் அருகே போனேன். அஜினுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்க மறந்துவிட்டீர்கள் என்று என்னையே திட்டிவிட்டு வானிலை வண்டியை எடுத்துவிட்டார்.

இப்போதெல்லாம் மருந்துக்கடைக்குப் போனால் ஒரு பொட்டலம் பஞ்சும் சேர்த்து வாங்கி, வேனின் ஸ்டியரிங் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். யார் வைத்தது என்று வானிலை இதுவரை கேட்கவில்லை.