சுவரின் மறுபாதி

கண்ணுகளா, ஒரு பேனாவுக்காக ஊரே வரிசையில் நின்றதைப் பார்த்திருக்கிறீர்களா? நகல் எடுக்கும் கடைக்கு மேலே மாடியில் ஒரே ஓர் அறை. அங்கே தொடங்கிய வரிசை படியிறங்கி, தெருவுக்கு வந்து, பேருந்து நிறுத்தத்தையும் விழுங்கியிருந்தது. பேருந்துக்காக நின்றவர்களில் நாலைந்து பேர் தெரியாமலே வரிசையில் சேர்ந்துவிட்டார்கள். தெரிந்த பிறகும் விலக மனம் வரவில்லை. இத்தனை பேர் நிற்கிறார்களே, சும்மாவா நிற்பார்கள்?

மேலே இருந்தவர் பேனா மகான். கடையில் கிடைக்கிற நீலப் பேனாதான். அதை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து, கண்ணை மூடி, மூக்கால் நீளமாக ஒரு 'ம்ம்ம்' விடுவார். சக்தி ஏறிவிட்டது. அதால் எழுதினால் பதவி உயர்வுத் தேர்வில் கட்டுரைத்தாள் தானாகத் தேறிவிடும். விலை ஒரு வாரச் சம்பளம்.

இதே ஆள் போன வருடம் இதே மாடியில் மூட்டுவலிக்குக் காந்தப் பட்டை விற்றவர். அதை வாங்கியவர்கள்தான் இப்போது படியேற முடியாமல் கீழேயே டோக்கன் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

வரிசையில் மருத்துவமனைச் சலவைக்கூடத்து அக்காவும் இருந்தாள். பதினெட்டு வருடமாகக் கொதிநீர் இயந்திரத்தின் முன்னால் நிற்பவள். அது போடும் இரைச்சலில் இடது காது போய்விட்டது. மணிக்கட்டு இரண்டும் வீங்கி, சாயங்காலமானால் தம்ளரைப் பிடிக்க முடியாது. கிடங்குப் பொறுப்பாளர் வேலை கிடைத்தால் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அதற்கான தேர்வில் இரண்டு முறை தோற்றாயிற்று. மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. அது அடுத்த வாரம்.

கூடவே துணி மடிக்கும் மேசையில் வேலை பார்க்கும் நாத்தனாரும் வந்திருந்தாள். துணைக்கு வந்தேன் என்று சொல்லிக்கொண்டாள். வந்தது வாயடிக்க.

"அண்ணி, இங்க நின்னு காயறதுக்கு வீட்ல உக்காந்து ரெண்டு பக்கம் எழுதிப் பாத்திருக்கலாம்."

"எழுதி எழுதித்தானே ரெண்டு தடவை கவுந்தேன்? பேசாம நில்லு. உங்கண்ணன்தான் போயிட்டு வான்னு அனுப்பினாரு."

"அதானே பாத்தேன்! காந்தப் பட்டையை இன்னும் இடுப்புல கட்டிக்கிட்டுத் திரியற ஆளாச்சே!"

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, பையிலிருந்து போன தேர்வின் விடைத்தாளை எடுத்தாள். மடித்து மடித்து மூலையெல்லாம் நைந்திருந்தது. முதல் பத்தியில் அவள் எழுதியிருந்தது இது: 'மருத்துவமனைத் துணிகளைக் கொதிநீரில்தான் துவைக்க வேண்டும். சென்ற ஆண்டு நாங்கள் நாற்பதாயிரம் விரிப்புகள் துவைத்தோம்.'

அதற்குக் கீழே சிவப்பு மையில் திருத்தியவரின் எழுத்து: 'கருத்து இருக்கிறது. சான்றும் இருக்கிறது. அந்தச் சான்று இந்தக் கருத்தை எப்படி நிரூபிக்கிறது?' அடுத்த இரண்டு பத்திகளில் அவருக்குப் பொறுமை போய்விட்டது. வெறும் 'எப்படி?' மட்டும்.

"நாப்பதாயிரம் துவைச்சோமா இல்லையா? அதுல என்ன எப்படி?" என்றாள் அக்கா.

"அந்தாளுக்குச் சிவப்பு மை மிஞ்சிப்போச்சு போல."

மாடி வாசலில் ஆளுக்கொரு புகைப்படம் எடுத்தார்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. தலைமுடியை மட்டும் சரிசெய்துகொண்டார்கள். அக்காவும்தான்.

உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில் இருபத்து மூன்று முகங்கள், சட்டம் போட்டு.

"என் பேச்சை நம்பாதீங்க," என்றார் மகான். குரல் வெண்ணெய். "ஆதாரத்தைப் பாருங்க. இருபத்து மூணு பேர். எல்லாரும் என் பேனா வாங்கினவங்க. எல்லாரும் தேறினவங்க. இதுக்கு மேல என்ன வேணும்?"

கூட்டம் பெருமூச்சு விட்டது. ஒரு அம்மா போய்ச் சுவரையே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கையில் சுண்ணாம்பு வந்தது.

அக்காவுக்கு முன்னால் இன்னும் மூன்று பேர். முதல் ஆள் ஒரு கோப்பு எழுத்தர். மகான் அவரை அருகில் இழுத்துக் காதோடு எதையோ முணுமுணுத்தார். வேறு யார் காதிலும் விழாது. ஆனால் சலவைக்கூடத்தில் வேலை செய்பவர்கள் காதை நம்பிப் பிழைப்பதில்லை. இயந்திரம் ஓடும்போது ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துத்தான் பேச்சே. அக்கா பழக்கதோஷத்தில் மகானின் உதட்டைப் படித்தாள்.

'பேனா மூடியை யாருக்கோ இரவல் குடுத்திருக்கே. சக்தி கசிஞ்சிடுச்சு. அதான் தோத்தே. யார்கிட்டயும் சொல்லாதே, இருக்கிறதும் போயிடும்.'

எழுத்தர் தலைகுனிந்து இரண்டாவது பேனா வாங்கினார். பக்கத்தில் நின்ற செவிலியம்மாவுக்கும் அதே முணுமுணுப்பு. அதற்கடுத்த ஆளுக்கும் அதே. மூன்று பேர், ஒரே கசிவு!

அக்காவின் கை டோக்கனோடு நின்றுவிட்டது.

சலவைக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சோப்புத்தூள் விற்க ஆள் வந்து, வெள்ளைவெளேரென்று ஒரு துணியைக் காட்டினால் வாங்கமாட்டார்கள். அழுக்கு விரிப்பு ஒன்றை நடுவில் கிழித்து, ஒரு பாதியை அந்தத் தூளிலும் மறுபாதியை வெறும் நீரிலும் போடுவார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் பேச்சு. எத்தனையோ விற்பனையாளர்கள் மறுபாதியைக் கேட்டதும் வேறு வேலை இருப்பதாக ஓடியிருக்கிறார்கள்.

அக்கா சுவரைப் பார்த்தாள். கையிலிருந்த விடைத்தாளைப் பார்த்தாள். நாற்பதாயிரம் விரிப்பு. இருபத்து மூன்று முகம். அடப்பாவமே, நான் எழுதினதும் இவன் மாட்டினதும் ஒண்ணுதானா?

"மகானே, ஒரு சந்தேகம்."

"சந்தேகம் வந்தா சக்தி ஓடிடும்மா."

"ஓடட்டும், கூப்பிட்டா வரும். இவங்க பேனா வாங்கினாங்க, தேறினாங்க. சரி. பேனாவாலதான் தேறினாங்கன்னு எப்படி?"

"சுவத்தைப் பாரும்மா!"

"பாத்தேன். அது பாதித் துணி. மறுபாதி எங்க?" அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "போன தேர்வுக்கு இவர்கிட்ட பேனா வாங்கித் தோத்தவங்க கையைத் தூக்குங்க. வெக்கப்படாதீங்க. நானும் ரெண்டு தடவை தோத்தவதான்."

முதலில் எழுத்தரின் கை தோள்வரைக்கும் வந்தது. செவிலியம்மாவின் கை. அவளுக்குப் பின்னால் ஒன்று. அப்புறம் அறை முழுக்கக் கைகள்.

"எனக்கு மூடியை இரவல் குடுத்ததால கசிஞ்சிடுச்சுன்னாரு," என்றார் எழுத்தர்.

"எனக்கும் அதேதான் சொன்னாரு!"

"நான் மூடியே இல்லாத பேனா வாங்கினேன்யா. அப்பவும் நம்பிட்டேன்!"

நாத்தனார் படிக்கட்டில் எட்டிப் பார்த்து, இயந்திர இரைச்சலைத் தாண்டிப் பழகிய குரலில் கேள்வியைக் கீழே இறக்கினாள். எண்ணிச் சொன்னாள்.

"அறையில பதினாலு! படியில இருவத்தொண்ணு! தெருவுல... அண்ணி, பஸ்ஸை நிறுத்தத் தூக்கின ரெண்டு கையைக் கழிச்சா முப்பத்து மூணு!"

அறுபத்தெட்டு. சுவரோடு சேர்த்தால் தொண்ணூற்றொன்று.

"தேர்வு எழுதின மொத்தப் பேர்ல எத்தனை பேர் தேறினாங்க?" என்று அக்கா எழுத்தரிடம் கேட்டாள்.

"நாலுக்கு ஒருத்தர். அறிவிப்புப் பலகையில ஒட்டினதே நான்தான்."

"இங்கயும் நாலுக்கு ஒருத்தர்தான். தூள் போட்ட பாதியிலயும் அதே அழுக்கு, போடாத பாதியிலயும் அதே அழுக்கு."

அப்போது சுவரில் பதினோராவது படமாகத் தொங்கிய ஆம்புலன்ஸ் ஓட்டுநர், மனைவிக்குப் பேனா வாங்க வந்தவர், தொண்டையைச் செருமினார். "உண்மையைச் சொல்லிடறேன். அன்னிக்கு நான் பேனாவை வீட்லயே மறந்துட்டேன். கண்காணிப்பாளர் குடுத்த பேனாவுலதான் எழுதினேன்."

"பேனா வீட்ல இருந்தே வேலை செஞ்சது!" என்றார் மகான். அந்த வேகத்துக்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

"அப்ப அது தேர்வு எழுதட்டும். எங்கண்ணி வீட்ல தூங்கட்டும்," என்றாள் நாத்தனார்.

முதலில் செவிலியம்மாதான் சிரித்தாள். அந்தச் சிரிப்பு படிவழியாகத் தெருவுக்கு இறங்கியது. அதன் பின்னாலேயே கோபம் ஏறி வந்தது. மகான் திடீரென்று மௌனத்தில் ஆழ்ந்தார். மௌனமாகவே எழுந்து, மௌனமாகவே பின்கதவைத் திறந்து, கொஞ்சம் சத்தமாகவே ஓடினார்.

அடுத்த வாரம் அக்கா மூலைக்கடைப் பேனாவால் எழுதினாள்: 'மருத்துவமனைத் துணிகளைக் கொதிநீரில்தான் துவைக்க வேண்டும். ஒரே விரிப்பைக் கிழித்து, ஒரு பாதியைக் குளிர்நீரிலும் மறுபாதியைக் கொதிநீரிலும் துவைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். குளிர்நீர்ப் பாதியில் கிருமி இருந்தது, கொதிநீர்ப் பாதியில் இல்லை. துணி ஒன்று, அழுக்கு ஒன்று, தூள் ஒன்று. மாறியது நீரின் சூடு மட்டும். ஆகவே கிருமியைக் கொன்றது சூடுதான்.' கடைசி வரியை எழுதும்போது மணிக்கட்டு வலித்தது. அவள் நிறுத்தவில்லை.

தேறினாள். இப்போது கிடங்கில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள்.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். மூன்று மாதம் கழித்து ஊரின் இன்னொரு முனையில், பல் மருத்துவரின் மாடியில், புது வரிசை நின்றது. நாத்தனார் மூச்சிரைக்க வந்து சொன்னாள்: "அண்ணி, சுவத்துல இப்ப இருவத்து நாலு படம். கடைசிப் படம் நீங்க. முடியெல்லாம் நல்லாத்தான் வாரியிருக்கீங்க!"

அக்கா கிடங்கிலிருந்து சிவப்புப் பேனா ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். வரிசையைத் தாண்டிப் படியேறினாள். தன் படத்தை அவள் கிழிக்கவில்லை. அதன் கீழே, நாலு பேர் படிக்கிற அளவுக்குப் பெரிதாக ஒரே சொல் எழுதினாள்: 'எப்படி?'

என் கண்ணுகளா, உங்கள் தெருவிலும் இந்நேரம் ஒரு சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருப்பார்கள். தொங்குகிற படங்களை எண்ணும் முன்னால், தொங்காத படங்கள் எத்தனை என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த சட்டத்துக்குள் நீங்கள்தான் சிரித்துக்கொண்டிருப்பீர்கள்.