முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் ஒரு கம்பெனி

கடவுள் செய்த உலகத்தையே பரிசோதித்துப் பார்த்து, "அளவு சரியில்லை, திருப்பி அனுப்பு" என்று சீட்டு எழுதிக் கட்டக்கூடிய துணிச்சல், ஹைதராபாத் செகந்திராபாத் இரண்டு ஊரிலும் சேர்த்து ஒரே ஒரு மனிதருக்குத்தான் இருந்தது. அவர் பெயர் லால் சிட்டி.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது சம்பளப் பட்டியலுக்கும் சர்ச் பதிவேட்டுக்கும் மட்டும் தெரியும். பட்டான்செரு போகும் சாலையில் இருந்த எங்கள் பொதுத்துறைத் தொழிற்சாலையில் அவர் இன்ஸ்பெக்டர். தயாராகி வரும் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்த்து அட்டை கட்டுவது அவர் வேலை. பச்சை அட்டை என்றால் பாஸ். சிவப்பு என்றால் குப்பைக்கு. மஞ்சள் என்றால், திருத்திக் கொண்டு வா, மறுபடி பார்க்கலாம் என்று அர்த்தம். சிவப்பு கட்டுக் கட்டாகச் செலவாகும். மஞ்சள் கட்டு மட்டும் ஸ்டோர்ஸில் போட்ட முடிச்சு அவிழாமல் அவர் பையிலேயே கிடந்து பழுத்துக்கொண்டிருந்தது. ஏன் சார் என்றால், "திருத்துதவன் மொதல்லயே ஒழுங்கா செஞ்சா என்னவே?" என்பார். சிவப்புச் சீட்டுக்குத் தொழிலாளிகள் சொல்லும் உருதுப் பெயர்தான் லால் சிட்டி.

"சாப், பால் பராபர் ஃபரக்!" என்று லேத் ஆள் கெஞ்சுவான். மயிரிழை வித்தியாசம்தானே என்று அர்த்தம்.

"பால் தேரே சர் பே ரக். மேரே மிஷின் மே நக்கோ!" என்பார். மயிர் உன் தலையில் இருக்கட்டும், என் மிஷினுக்குள் வேண்டாம். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "சரிதானவே?" என்பார். நாசரேத்துப் பக்கத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக செகந்திராபாத். கோபம் வந்தால் இரண்டு ஊரும் ஒரே சொல்லில் கைகோர்த்துக்கொண்டு "நக்கோவே!" என்று வெளியே வரும்.

கேண்டீன் வடையின் துளைக்குள் நூலைக் கோத்து, "ஓட்டை நடுவில் இல்லை" என்று சிவப்பு அட்டை கட்டியவர் அவர். நான் முதன்முதலாக மீசை வைத்துக்கொண்டு போன அன்று, அரை நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு என் சட்டைப் பொத்தானில் ஓர் அட்டையைக் கட்டினார். "இடது பக்கம் இரண்டு மில்லி அதிகம்." மாலையில் வலது பக்கத்தை இடதுக்குச் சரியாக்க முயன்றேன். பிறகு இடதை வலதுக்கு. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் மீசையே இல்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் அந்த ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இங்கிலாந்தில் செய்தது. இரண்டே இருக்கை, கூரை கிடையாது, கரும்பச்சை நிறம். பொல்லாரத்தில் ஒரு ரிட்டயர்டு ராணுவ அதிகாரி வீட்டுக் கொட்டகையில், அதற்குள் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தபோது வாங்கினார். வாங்கிப் பல வருஷம் ஆன பிறகும், வேகமாகப் போனால் சீட்டிலிருந்து ஓர் இறகு எழும்பிப் பறக்கும்.

அந்தக் காருக்கு முன்னால் இருந்த இரண்டு டயரும் ஒரு கம்பெனி. பின்னால் இருந்த இரண்டும் வேறு கம்பெனி. பெயர் சொன்னால் விளம்பரமாகிவிடும். அந்த இரண்டு கம்பெனியும் எனக்கு ஒன்றும் செய்ததில்லை.

தொழிற்சாலையே ஆனந்தக் கூத்தாடியது. மயிரிழைக்குச் சிவப்பு அட்டை கட்டுகிறவர் காரில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று! கேட்டுவிடுவது என்று ஒரு குழு கிளம்பியது. மாரெட்பள்ளியில் அவருக்கு அடுத்த போர்ஷனில் குடியிருந்த பாவத்துக்காக என்னைத் தலைவனாக்கினார்கள்.

"வே, இந்த வண்டிக்கு வாலு லேசு," என்றார் லால் சிட்டி. "திருப்பத்துல வாலு வெளிய ஓடிரும். மூணு வருஷம் ஓடிச்சுல்லா? அதான் பின்னால நல்லாப் பிடிக்கிற மெத்து டயரு. மதராஸ்ல ரேஸ் ஓட்டுதவன்ட்ட கெஞ்சி வாங்கினது. முன்னால ராணிகஞ்ச்ல கெடைக்கிற கட்டி டயரு. முன்னால வழுக்கினா வண்டி நேரா போவும், பிரேக்க மிதிச்சு நிப்பாட்டலாம். பின்னால வழுக்கினா பம்பரந்தான். ஒரே அச்சுல ரெண்டு கம்பெனி போட்டா அது தப்பு. முன்ன ஒண்ணு பின்ன ஒண்ணு, யோசிச்சுப் போட்டா அது கணக்கு. வெளங்குதா?"

"விளங்கிடுத்து சார்," என்றேன். தலைவன் அல்லவா.

அவர் சொன்ன அந்த மூன்று வருஷக் கதை இது. ஊர் மோட்டார் பிரியர்கள் வருஷத்துக்கு ஒரு ஞாயிறு, அல்வால் தாண்டி ஒரு காலி மைதானத்தில் தார் டிரம்களை வரிசையாக நிறுத்தி, நடுவே வளைந்து வளைந்து கார் ஓட்டுவார்கள். லால் சிட்டி தொடர்ந்து மூன்று வருஷமும் காரின் வாலால் டிரம்மைத் தட்டிவிட்டு வந்தார். அவர் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை, தெருவுக்கே டீச்சர். மழையில் குடை பிடித்துக்கொண்டு காரில் சர்ச்சுக்குப் போன ஒரே பெண்மணி அவர்தான். நான்காவது வருஷம் அவர் பொறுமை முடிந்தது. கணவரைக்கொண்டே ஒரு தாளில் எழுதி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். "டிரம் எதையும் தொடாமல், இரண்டு நிமிடத்துக்குள் கோட்டைத் தாண்டினால் கார் இருக்கும். இல்லாவிட்டால் விற்று, கூரை உள்ள வண்டி வாங்கப்படும்." கீழே கையெழுத்து. லால் சிட்டி கையெழுத்துப் போட்டால் போட்டதுதான்.

பந்தயத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை. அவருக்கு டியூட்டி. டீச்சர் சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தார். எனக்கு நல்லது செய்யவேண்டும் என்ற எண்ணம் வந்தது. எனக்கு அந்த எண்ணம் வரும்போதெல்லாம் யாராவது என்னைக் கட்டிப்போட்டிருக்கலாம்.

முதலில் காரைக் கழுவினேன். டயர்களில் யாரோ பையன்கள் சாக்கட்டியால் ஏதோ கிறுக்கியிருந்தார்கள், அழித்தேன். அப்போது கவனித்தேன்: பின் டயர்கள் தேய்ந்திருந்தன, முன் டயர்கள் புதுசு போல இருந்தன. நூலகத்தில் ஒரு வெளிநாட்டு மோட்டார் பத்திரிகையில் படித்தது ஞாபகம் வந்தது. டயர்களை அவ்வப்போது முன்னும் பின்னும் மாற்றிப் போட வேண்டும், நல்ல டயர் பின்னால் இருக்க வேண்டும். எனக்குச் சொந்தமாக இருந்தது ஒரு ஸ்கூட்டர். ஆனால் படித்தவன். ஒரு ஜாக்கி, எட்டுச் செங்கல், மூன்று மணி நேரம். முன்னது பின்னே, பின்னது முன்னே. கடைசியில் நான்கு டயருக்கும் கறுப்பு ஷூ பாலிஷ் போட்டேன். கம்பெனி பெயரே தெரியாதபடி நாலும் அண்ணன் தம்பி மாதிரி மின்னின. அவர் விளக்கியபோது விளங்கிவிட்டது என்று தலையாட்டினேனே, அது மரியாதைக்கு ஆட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஆயில் பார்த்தார், பிரேக் பார்த்தார், காற்று பார்த்தார். "பளபளன்னு இருக்குவே, நீரா?" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன்.

மைதானத்தில் நான் டீச்சர் பக்கத்தில் நின்றேன். கொடி இறங்கியது. முதல் டிரம், இரண்டாவது, மூன்றாவது. அருமை. நான்காவதில் காரின் வால் லேசாக ஆட்டம் காட்டியது.

"என்ன தம்பி, பழையபடி ஆட்டுது?" என்றார் டீச்சர்.

"ஆட்டாது டீச்சர். நேத்து நான்தான் டயரை எல்லாம் முன்னும் பின்னும் மாத்திப் போட்டேன்."

டீச்சர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். வகுப்பில் பெஞ்சு மேல் ஏற்றுவதற்கு முன் பார்க்கும் பார்வை. அந்தக் கணத்தில்தான் 'பம்பரந்தான்' என்ற சொல் எனக்குள் போய் விழுந்தது.

கடைசித் திருப்பத்தில் கார் சுற்ற ஆரம்பித்தது. ஒரு முழுச் சுற்று, பிறகு இன்னொரு அரைச் சுற்று. புழுதிக்குள்ளிருந்து நாலைந்து கோழி இறகு பறந்தது. இரண்டு டிரம்களுக்கு நடுவே ஒன்றையும் தொடாமல் வழுக்கி, வால் முன்னாலும் மூக்கு பின்னாலுமாகக் கோட்டைத் தாண்டி நின்றது. நேரம், ஒரு நிமிடம் ஐம்பது வினாடி.

கூட்டம் கைதட்டியது. டீச்சர் கைப்பையிலிருந்து தாளை எடுத்துப் படித்தார். "என்னங்க, டிரம் தொடல. நேரமும் சரி. எந்தப் பக்கமா வரணும்னு இதுல எழுதல. ஜெயிச்சிட்டீங்க."

லால் சிட்டி காரை விட்டு இறங்கவில்லை. "ஜெயிக்கல. தற்செயலா சரியா வந்த சாமானை நான் பாஸ் போட்டதில்ல, இனியும் போட மாட்டேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து, ஸ்டீயரிங்கில் கட்டினார். "வித்துருவோம், டீச்சர்."

அவர் வடைக்குக் கட்டியபோது சிரித்தவன் நான். மீசைக்குக் கட்டியபோதுகூடச் சிரித்தேன். இதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"சார், வண்டி மேல தப்பு இல்ல. டயரை மாத்திப் போட்டது நான். சாக்கட்டிக் கிறுக்கலைக்கூட நான்தான் அழிச்சேன்."

"கிறுக்கலாவே அது? முன்னது எது, பின்னது எதுன்னு நான் போட்ட மார்க்கு!"

இறங்கி வந்து குனிந்து டயரை விரலால் தேய்த்தார். ஷூ பாலிஷ் கையில் வந்தது. கம்பெனியின் பெயர் வெளியே வந்தது. நான் சிவப்பு அட்டைக்குத் தயாராகச் சட்டையின் மேல் பொத்தானை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் அட்டை எதையும் எடுக்கவில்லை.

"காத்துப் பாத்தேன், ஆயில் பாத்தேன். மார்க்கு இல்லன்னதும் கழுவிட்டீருன்னு நெனச்சேன். டயரைப் பாக்கல. பாக்காம பாஸ் போட்டது நான்தானவே?" ஸ்டீயரிங்கிலிருந்த சிவப்பு அட்டையை அவிழ்த்து, அதில் என்னவோ எழுதித் தன் சட்டையில் கட்டிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். "பொறுப்பு: இன்ஸ்பெக்டர்."

டீச்சர் கைப்பையை மூடினார். "உங்க ஃபேக்டரில திருத்திக் கொண்டுவந்தா மறுபடி பாப்பீங்கல்லா? அப்ப திருத்துங்க. ஏ தம்பி, ஜாக்கி எங்க?"

செங்கல் இல்லாத இடத்தில் நாலு டயர் மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்று தெரிந்துகொண்டேன். கொடிக்காரரிடம் டீச்சரே போய்ப் பேசி இன்னொரு சுற்று வாங்கிவந்தார். ஒரு பள்ளிக்கூடத்தையே அடக்கி வைத்த குரல், கொடிக்காரர் எம்மாத்திரம்.

"ஏறும்வே," என்றார் லால் சிட்டி என்னிடம்.

"நானா? கைக்கு சார்?" பயத்தில் 'எதற்கு' என்று கேட்க எனக்கும் உருதுதான் வந்தது.

"டயர மாட்டினவன் உக்காந்து பாக்கணும். ஏறும்."

ஏறினேன். ஒவ்வொரு டிரம்மும் என் முழங்கையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று. நான்காவதில் கண்ணை மூடிக்கொண்டேன். வால் ஆடவில்லை. பின்னாலிருந்து யாரோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. கண்ணைத் திறந்தபோது கோட்டைத் தாண்டியிருந்தோம், மூக்கு முன்னால், டிரம்கள் எல்லாம் நின்ற இடத்தில். ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு. டீச்சர் தாளை நான்காகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

ஸ்டீயரிங்கில் பச்சை அட்டை ஏறியது. பிறகு அவர் பையைத் துழாவி, அந்தப் பழைய மஞ்சள் கட்டை எடுத்தார். முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தார். முதல் அட்டையை என் சட்டைப் பொத்தானில் கட்டினார்.

"உம்மத் திருத்திரலாம்வே," என்றார். "கொஞ்சம் நாளாவும்."

அந்த அட்டை இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. நூல் இற்றுவிட்டது. மஞ்சள் வெளுத்து ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டது. திருத்தி முடித்துக் காட்ட அவர் இன்று இல்லை என்பதால், நானும் பெரிதாகத் திருந்திவிடவில்லை. யாராவது எனக்குப் பச்சை அட்டை தர வந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். அது அவர் கையால் கட்டினால்தான் செல்லும்.